தோல் நாற்றம் தெரிந்தவர்கள் படிக்க வேண்டிய புத்தகங்கள்

ரிட்டயர் ஆனவன் என்ன படிக்கலாம் என்று யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. "இனிமே மனசுக்கு அமைதி தர்ற புத்தகமா படிங்க சார். திருவாசகம் இருக்குது, இல்லன்னா சிரிப்புக் கதை. கஷ்டத்தையெல்லாம் படிச்சி இன்னா ஆவப் போவுது?" என்பார் ஒருவர். "நாவலெல்லாம் வயசுப் பசங்களுக்குங்க. நமக்கு சர்க்கரை, பிரஷர் பத்தின புத்தகம் போதும்" என்பார் இன்னொருவர். சொல்பவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள்.

என் கருத்து இதற்கு நேர் எதிர். அறுபதைத் தாண்டிய நாம்தான், அதிலும் வாணியம்பாடியில் தொடங்கி ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை வரை நீளும் இந்தத் தோல் வட்டாரத்து ஆட்கள்தான், நம் மண்ணைப் பற்றிய கஷ்டமான புத்தகங்களைத் தேடிப் படிக்க வேண்டும். பொழுது போவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் புத்தகங்களில் எழுதியிருப்பது சரியா, குறையா என்று சொல்லக்கூடிய கடைசி ஆட்கள் நாம். பாலாற்று மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் குடித்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறோம். நம் பேரப்பிள்ளைகளுக்குப் புத்தகம் சொல்வதே சாட்சி. நமக்கோ புத்தகத்தை நிறுத்தி "இரு, இது நான் பார்த்தது" என்று சொல்லும் உரிமை இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் போய்ச் சேர்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில் வேலை. கலவையில் ஆரம்பித்து, திமிரி, ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர், பேர்ணாம்பட்டு என்று உருண்டு, மறுபடி கலவையிலேயே வந்து நின்றவன். அந்தக் காலத்தில் நம் பக்கத்துக்குப் புத்தகம் வி.பி.பி.யில்தான் வரும். பணம் கட்டி எடுக்க ஆள் வரும்வரை ஆபீஸில் காத்திருக்கும். எந்த வீட்டுக்கு எந்தப் பத்திரிகை, எந்த வாரம் எந்தத் தொடர் முடிகிறது என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. படிக்கும் பழக்கம் அப்படி ஒட்டிக்கொண்டது. இன்ன வகை என்று பிரித்துப் படித்ததில்லை. கலவைக்காரன் படிப்பும் கலவைதான். ஒவ்வொரு வகையும் எனக்கு என்ன கொடுத்தது, எங்கே கைவிட்டது என்று சொல்கிறேன்.

முதலில் துப்பறியும் கதை. இதை மட்டமாகப் பேசுபவர்கள் உண்டு, நான் பேசமாட்டேன். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் வசந்த், ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள் என்று எத்தனை இரவு ரயில் பிரயாணம் கழிந்திருக்கிறது! கவனித்துப் பார்க்கவும், ஒருவர் சொல்வதை அப்படியே நம்பாமல் இருக்கவும் அந்தக் கதைகள் பழக்கின. ஆனால் யார் செய்தது என்று தெரிந்ததும் அங்கே கதை முடிந்துவிடும். நம் வட்டாரத்துக் கதை அப்படிப்பட்டதில்லை. ஆறு எப்படிக் கெட்டது என்பதில் மர்மமே கிடையாது. பட்டப்பகலில், எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தது. கூலி வாங்கியவர், வாடகை வாங்கியவர், வரி வாங்கியவர், கடன் கொடுத்து வட்டி வாங்கியவர் என்று அதில் எல்லோருக்கும் பங்கு உண்டு. சங்கர்லாலே வந்தாலும் யார் கையில் விலங்கு மாட்டுவார்?

அடுத்து சரித்திர நாவல். கல்கியின் "பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது நான் பிறக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரோ கிழித்துத் தைத்து வைத்திருந்த பைண்டு புத்தகத்தில்தான் படித்தேன். சாண்டில்யனின் "கடல் புறா"வும் அப்படியே. இன்று எடுத்தாலும் நேரம் போவது தெரியாது. ஆனால் அவற்றைப் படித்து வளர்ந்த எனக்குச் சரித்திரம் என்றால் தஞ்சாவூரும் காஞ்சிபுரமும் கடலுக்கு அப்பாலும்தான். நம் ஊர்ப்பக்கம் சரித்திரம் நடந்த மாதிரியே தோன்றாது.

பிறகுதான் 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிய வரலாற்று நூல்களைப் படித்தேன். அந்தக் கலகத்துக்கு உடனடிக் காரணம் உடை விஷயம். நெற்றியில் சின்னம் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், புது மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு. அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த ஒரு குஞ்சம் இருந்தது. இந்துச் சிப்பாய், முஸ்லிம் சிப்பாய் இரண்டு பேருக்குமே அந்தத் தோல் ஆகவில்லை. விடியும் முன்பே துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லஸ்பி குதிரைப் படையோடு விரைந்து வந்து அன்றைக்கே அடக்கினார். நான் பஸ்ஸில் தினம் போய்வந்த அதே ஆற்காடு, அதே வேலூர்! பிற்காலத்தில் தோலாலேயே பிழைத்த ஒரு வட்டாரத்தில், ஒரு துண்டுத் தோலுக்காக இத்தனை உயிர் போயிருக்கிறது. இதைப் படித்தபோது ஏற்பட்ட திடுக்கிடல் எந்த ராஜா ராணிக் கதையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. நாவல் எனக்கு அரசர்களைக் காட்டியது. வரலாற்று நூல் பெயர் தெரியாத சிப்பாயைக் காட்டியது.

மூன்றாவது, நம்மவர் மு.வ. 1912இல் பிறந்தவர், வாலாஜாவுக்குப் பக்கத்து வேலம் கிராமத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர். பிறகு மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வரைக்கும் உயர்ந்தார். அவருடைய "அகல் விளக்கு" 1961இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. நம் வயதில் அதைப் படிக்காதவர்கள் குறைவு. அறிவும் அழகும் இருந்தும் தடம் புரண்டு அழியும் சந்திரன், மெதுவாக நடந்து கரை சேரும் வேலய்யன். கல்யாணப் பரிசாகவே அந்தப் புத்தகத்தைக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது.

இருபது வயதில் படித்தபோது சந்திரனுக்காக மனம் துடித்தது. போன வருஷம் மறுபடி படித்தேன். இந்த முறை என் கண் இரண்டு பேரையும் விட்டுவிட்டு வாலாஜாவையே தேடியது. தெரு எப்படி இருந்தது, மனிதர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள், ஊருக்கு ஊர் எப்படிப் போய்வந்தார்கள் என்று. ஆசிரியர் போகிற போக்கில் எழுதிவைத்த சின்ன விஷயங்கள் எனக்கு நீதியை விடப் பெரிதாகத் தெரிந்தன. ஒழுக்கத்தைச் சொல்ல ஆயிரம் நூல் உண்டு. நம் ஊர் அன்று இருந்த இருப்பைச் சொல்ல எத்தனை நூல் இருக்கிறது?

முன்னேற்ற நூல்களையும் விட்டுவைக்கவில்லை. எம்.எஸ். உதயமூர்த்தியின் "எண்ணங்கள்" எங்கள் தலைமுறையில் பலருக்குத் தைரியம் கொடுத்த புத்தகம். பரீட்சையில் தோற்றுப்போன பையன்களுக்கு நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இன்றும் கொடுப்பேன். ஆனால் அந்த வகை நூல்கள் தனி மனிதனோடு நின்றுவிடுகின்றன. எண்ணத்தை மாற்றினால் வாழ்க்கை மாறலாம், உப்பாகிப் போன கிணறு மாறுவதில்லை. அதற்கு வேறு வகைப் படிப்பு வேண்டும்.

அந்த வேறு வகை எனக்கு எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் கொடுத்த ஒரு தீர்ப்பு. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் 1991இல் போட்ட பொதுநல வழக்கு, நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. நாட்டின் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் இதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும், கெடுதல் வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் 'வேலூர் வழக்கு' என்று படிக்கிறார்கள். வேலூரில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

பேரனை விட்டு அச்செடுக்கச் சொல்லி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நாளில் படித்து முடித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, செங்கை எம்.ஜி.ஆர். என்று அன்றைய மாவட்டப் பெயர்கள் முழு நீளத்தில்! தபால்காரனுக்கு அந்தப் பெயர்களைப் பார்த்தால் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி. அடுத்த பக்கங்களில் சிரிப்பு போய்விட்டது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக அதில் இருக்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனம். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் எடுத்த ஒரு கணக்கில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. குடிதண்ணீருக்காகப் பெண்களும் குழந்தைகளும் மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறது.

தோல் தொழிலால் நாட்டுக்கு வரும் அன்னியச் செலாவணியையும், வேலைவாய்ப்பையும் அந்தத் தீர்ப்பு மறைக்கவில்லை. இரண்டையும் சொல்லிவிட்டு, அதற்காக மண்ணையும் நீரையும் அழிக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்கிறது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. நம் பழைய வேலூர் மாவட்டத்தில் மட்டும் இருபத்தொன்பது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அது அடையாளம் கண்டது. இத்தனைக்குப் பிறகும் விஷயம் தீராமல், 2025 ஜனவரி 30ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் மறுபடி நம் பாலாற்றைப் பற்றி நீண்ட தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. வழக்குப் போட்டபோது பள்ளிக்கூடம் போன பிள்ளை இன்று பேரன் எடுத்திருப்பான்.

படித்து முடித்ததும் எனக்கு மதிப்பும் வந்தது, ஒரு குறையும் தோன்றியது. இவ்வளவு எண்கள் இருக்கின்றன, ஒரு மனிதனின் முகம் இல்லை. அது தீர்ப்பின் தப்பு இல்லை, கோர்ட்டின் வேலை அது அல்ல. நான் ஆம்பூரில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தபோது, சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்க வயதான தொழிலாளர்கள் வருவார்கள். சுண்ணாம்புக் குழியில் வருஷக்கணக்கில் நின்றவர்கள். கைநாட்டு வைக்கச் சொன்னால் மை மட்டும் அப்பும், ரேகை விழாது. தேய்ந்து போயிருக்கும். "இன்னொரு வாட்டி அழுத்தி வைங்க பெரியவரே" என்றால், "ரேகை எங்க சார் இருக்குது, அத்தயும் சேத்துதான் சுண்ணாம்புல போட்டோமே" என்பார்கள். தீர்ப்பில் 170 ரசாயனம் இருக்கிறது, இந்த விரல் இல்லை.

விரலுக்கு நாவலிடம்தான் போக வேண்டும். டி. செல்வராஜின் "தோல்" 2012இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற நாவல். செல்வராஜ் திண்டுக்கல்லில் வக்கீலாக இருந்தவர். அங்கிருந்த தோல் ஷாப்புத் தொழிலாளிகள், சுண்ணாம்புக் குழி வேலை, அடிமைக் கடன், அதிலிருந்து சங்கம் கட்டி நிமிர்ந்தது என்று பெரிய புத்தகம். தீர்ப்பில் கெட்டுப்போன கிணறுகளாக வரும் அதே திண்டுக்கல், இந்த நாவலில் மனிதர்களாக வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள், ஒன்று இன்னொன்றுக்கு உரை எழுதினது போல இருக்கும். என் மனத்தாங்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போராட்டம் சூடு பிடிக்கும் இடங்களில் சில பாத்திரங்கள் மேடையில் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள். நான் பார்த்த தொழிலாளிகள் அவ்வளவு பேசமாட்டார்கள். வாயில் பீடியை வைத்துக்கொண்டு ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆனாலும் குழியின் நாற்றம் பக்கத்திலிருந்து எழுந்து வருகிறது. அது வந்தால் போதும்.

நம் பக்கத்து நாவல் என்றால் அழகிய பெரியவனின் "தகப்பன் கொடி". பேர்ணாம்பட்டுக்காரர், ஆசிரியர் வேலை பார்த்தவர். தலித் மக்களின் கையிலிருந்த நிலம் எப்படி நழுவியது என்பதுதான் அதன் அடிநாதம். தோல் ஷாப்புக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வியை நான் அதுவரைக்கும் கேட்டுக்கொண்டதே கிடையாது. தோல் ஷாப் இருந்தது, ஆட்கள் வந்தார்கள், அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைக்கிறோம். நிலம் போனவர்தான் குழிக்கு வருகிறார். அந்த நாவலைப் படித்தபின் 35,000 ஹெக்டேர் என்ற எண்ணை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். கெட்டுப்போன நிலத்துக்கு நஷ்டஈடு கேட்க, முதலில் கையில் நிலம் இருக்க வேண்டும். ஏற்கெனவே நிலம் பறிபோனவருக்கு எந்த ஆணையம், எந்தக் கணக்கு? இந்தக் கேள்வியைத் தீர்ப்பு எனக்குள் எழுப்பவில்லை, கதை எழுப்பியது. இன்னொன்று, அவர் எழுதும் பேச்சு நம் பேச்சு. புத்தகத்தில் நம் வடார்க்காட்டுத் தமிழை அச்சில் பார்ப்பதே ஒரு மரியாதை.

ஆகவே நாவல் பொய், கட்டுரை நிஜம் என்று பிரிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. உலகம் முழுக்கச் சுற்றுச்சூழல் பற்றிப் பேச வைத்த ரேச்சல் கார்சனின் "மௌன வசந்தம்" 1962இல் வந்தது. பூச்சிமருந்தைப் பற்றிய அறிவியல் புத்தகம். அதன் முதல் அத்தியாயமே கற்பனையான ஓர் ஊரின் கதைதான். பறவைகள் பாடாமல் போன ஓர் ஊர். விஞ்ஞானியான அவருக்கே தெரிந்திருக்கிறது, முதலில் ஓர் ஊரைக் காட்டினால்தான் பிறகு சொல்லும் கணக்கை ஜனங்கள் கேட்பார்கள் என்று.

சா. கந்தசாமியின் "சாயாவனம்" 1969இல் வந்தது. தஞ்சை ஜில்லாவில் ஒருவன் வெளிநாட்டில் சம்பாதித்து வந்து, காட்டை வாங்கி அழித்துக் கரும்பாலை வைக்கிறான். கதை அவ்வளவுதான். அதில் வில்லனே கிடையாது. உழைப்பாளி, கெட்டிக்காரன், ஊருக்கு வேலை கொடுக்கிறான். படிக்கப் படிக்க அவன்மேல் நமக்கு மதிப்புதான் வருகிறது. காடும் போகிறது. நம் வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கண்ணாடி இல்லை என்பேன். நம் பக்கத்துத் தோல் முதலாளிகளில் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் உண்டு, ஆஸ்பத்திரி கட்டியவர்கள் உண்டு. கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்கள். தண்ணீரும் போயிற்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் துணிவு வேண்டும். நாவலால் அது முடிகிறது.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் புத்தகங்களையெல்லாம் படித்தபின், விட்டுப்போனது என்ன என்று நம்மால் சொல்ல முடியும். இரண்டு உதாரணம் தருகிறேன்.

ஒன்று. தோல் என்றதும் எல்லோரும் குரோமியத்தைப் பற்றியே பேசுகிறார்கள். குரோமியம் பொல்லாததுதான், மறுப்பில்லை. ஆனால் ஆரம்பத்திலிருந்தே குரோமியம் இல்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு, வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டதுதான் நம் பழைய முறை. பட்டை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் போனதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 1970களில் மத்திய அரசு பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுசாக முடித்த தோலாக அனுப்பச் சொன்னது. நாட்டுக்கு அதிகப் பணம் வரும் என்பது கணக்கு, வந்தது. அதோடு குரோம் முறை வேகமாகப் பரவியது. வாரக்கணக்கில் ஆன வேலை ஓரிரு நாளில் முடிந்தது. இது டெல்லியில் எடுத்த முடிவு, விளைவு நம் கிணற்றில். இதற்கும் முன்னே இன்னொன்று இருக்கிறது, சாதாரண உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அள்ளி அள்ளிப் போடும் உப்பு, தோலை ஊறப்போட்டதும் தண்ணீரில் இறங்கிவிடும். நம் கிணறுகள் உப்பானதில் பெரும் பங்கு அதற்குத்தான். பட்டைக் காலத்திலும் உப்பு இருந்தது, அளவுதான் வேறு. இந்த வித்தியாசத்தை ஊரில் கேட்டால் எழுபது வயதுக்காரர் ஒருவர் திண்ணையிலிருந்தே சொல்லிவிடுவார். அவர் சொல்வதை யாரும் எழுதிவைக்கவில்லை.

இரண்டு. நம் கலவையில் தோல் ஷாப் கிடையாது. ஏரி, நெல் வயல், மடம், கோயில் என்று இருக்கும் ஊர். ஆனால் விடிகாலையில் போய்ப் பாருங்கள். கையில் டிபன் பாக்ஸோடு பெண்பிள்ளைகள் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்கள். ஆம்பூர் பக்கத்துக் கிராமங்களில் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் தைத்த ஷூ ஐரோப்பாவில் நடக்கிறது. அந்தச் சம்பளத்தில்தான் பல வீடுகளில் அக்காவுக்குப் பிறகு தம்பி காலேஜ் போனான். இவர்களுடைய நாவல் எங்கே? ஆண்களின் குழி எழுத்தில் ஏறிவிட்டது. பெண்களின் ஊசி இன்னும் சரியாக ஏறவில்லை என்பது நான் படித்த வரையில் என் எண்ணம்.

2015 ஜனவரி 31ஆம் தேதி ராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். மணியார்டர் படிவத்தில் தெரியாத மொழி விலாசத்தை இங்கிலீஷில் எழுதித் தரச் சொல்லி வடநாட்டுப் பையன்கள் கவுண்டரில் நின்ற காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. செய்தித்தாளில் இரண்டு நாள் இருந்தது, போய்விட்டது. அவர்களைப் பற்றி எழுத இங்கே அவர்கள் மொழி தெரிந்தவர் இல்லை. அவர்கள் ஊரில் நம் குழி தெரிந்தவர் இல்லை.

"இதெல்லாம் படிச்சா நம்ம சோத்துல நாமளே மண்ணப் போட்டுக்கிற மாதிரி இல்லீங்களா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் குடும்பமே தோல் ஏற்றுமதியில் இருக்கிறது. நியாயமான கேள்வி. தொழிலை மூடு என்று சொல்ல நான் இதைப் படிக்கச் சொல்லவில்லை. இன்று சுத்திகரிப்பு இல்லாமல் தொழில் நடத்த முடியாது என்ற நிலை வந்ததே அந்த வழக்காலும், அதைப் பற்றி விடாமல் எழுதியவர்களாலும்தான். சாப்பிட்ட சோற்றுக்கு நன்றியும் வேண்டும், சோறு எப்படி வந்தது என்ற நினைப்பும் வேண்டும். அவரிடம் "சாயாவனம்" கொடுத்திருக்கிறேன். தீர்ப்பைப் பிறகு கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

மனசுக்கு அமைதி தரும் புத்தகம் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. நடந்தது மனத்தில் ஒரு பக்கம் கிடந்து உறுத்தும்போது, அதை இன்னொருவர் சரியாக எழுதியிருப்பதைப் பார்த்தால் வருகிற நிம்மதி வேறு எதிலும் இல்லை. திருவாசகமும் படிக்கிறேன். அதுவும் அழுகைதானே!

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், நூலகத்துக்குப் போகத்தான் கால் வருவதில்லை. கிளை நூலகத்தில் "அகல் விளக்கு" நிச்சயம் இருக்கும். "தகப்பன் கொடி", "தோல்" இல்லையென்றால் வாங்கிவைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இரண்டு மூன்று பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் நூலகர் மதிப்பார். படிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இது சரி, இது இப்படி இல்லை, இது விட்டுப்போச்சு என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம். உங்கள் ஊர்க் கிணறு எந்த வருஷம் வரைக்கும் குடிக்க ஆயிற்று, கடைசியாகப் பாலாற்றில் எப்போது கால் நனைத்தீர்கள், அப்பா எந்தக் குழியில் நின்றார், அம்மா எத்தனை ஜோடி தைத்தாள் என்பதை உங்கள் கையெழுத்தில் எழுதி வையுங்கள். பின்னால் யாராவது நம் வட்டாரத்து நாவலை எழுத உட்காரும்போது, அல்லது இன்னொரு வழக்கு நடக்கும்போது, அந்த நோட்டு வீட்டில் இருக்கட்டும். எழுதக் கை நடுங்குகிறவர்கள் பேத்தியை உட்காரவைத்துச் சொல்லுங்கள், அவள் எழுதட்டும். என் நோட்டில் நாற்பத்திரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. உங்களுடையது எத்தனை பக்கம் என்று எனக்கு எழுதுங்கள்.